வகுப்புத் தோழர்களின் குழு ப்ரசன்டேஷனுக்கு ஃபீட்பேக் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

கம்யூனிகேஷன் வகுப்பில் ஐந்து பேர் கொண்ட டீம் ஒன்று 'மேடைப்பேச்சுத் திறன்' என்ற தலைப்பில் பேசி முடிக்கிறது. கைதட்டல். "யாராவது ஃபீட்பேக் சொல்லுங்க" என்கிறார் மேடம். வகுப்பே குனிந்துகொள்கிறது. கடைசியில் ஒருவர் எழுந்து, "நல்லா இருந்துச்சு மேம், இன்னும் கொஞ்சம் கான்ஃபிடன்டா பேசியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஐந்து பேரில் யாருக்கு அது? எந்த இடத்தில் தடுமாறினார்கள்? அடுத்த முறை என்ன செய்தால் சரியாகும்? எதுவும் தெரியாமலே அந்த டீம் பெஞ்சுக்குத் திரும்புகிறது. ராத்திரி கண்விழித்து ஸ்லைடு செய்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்க வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்க் போட ஆசிரியர் இருக்கிறார். தீர்ப்பு சொல்லும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. பேசுகிறவரால் தன் பேச்சு எதிரில் இருப்பவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கவே முடியாது. நீங்கள் பார்த்தீர்கள். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே கவனம் போனது, எது புரியாமல் போனது என்பதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரியும். அதை உள்ளபடி எடுத்துச் சொன்னாலே போதும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

விளக்குவதற்கு வசதியாக, ஒரு டீமைக் கற்பனை செய்துகொள்வோம். தலைப்பு, 'மேடை பயத்தை வெல்வது'. முதல் மாணவி வகுப்பிடம் ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குகிறார். இரண்டாமவர் புள்ளிவிவர ஸ்லைடுகளைக் காட்டுகிறார். மூன்றாமவர் ஸ்க்ரீன் பக்கம் திரும்பி ஸ்லைடை வாசிக்கிறார். நான்காமவர் வகுப்பையே ஒரு மூச்சுப்பயிற்சி செய்ய வைக்கிறார். ஐந்தாமவருக்கு நேரம் இல்லாமல் போகிறது. முடிவுரையை அவசரமாகச் சொல்லிவிட்டு இறங்குகிறார். எந்த வகுப்பிலும் பார்க்கக்கூடிய டீம்தான்.

படி 1: முன்கூட்டியே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

டீமுக்கு ஆசிரியர் என்ன வேலை கொடுத்தார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை நிமிடம், எந்த மொழி, எல்லோரும் பேசியாக வேண்டுமா, மதிப்பெண் எதற்கெல்லாம் என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். அதை வாங்கிப் படியுங்கள். எட்டு நிமிடம் மட்டுமே கொடுக்கப்பட்ட டீமிடம் போய், "இன்னும் விரிவாச் சொல்லியிருக்கலாம்" என்பது நியாயமில்லை.

ஒரே ஆள் எல்லாவற்றையும் கவனிக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு பேர் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்லப்படும் விஷயத்தை மட்டும் கவனிக்கட்டும், ஒருவர் பேசும் விதத்தை, இன்னொருவர் டீமாக எப்படிச் சேர்ந்து இயங்குகிறார்கள் என்பதை. நான்காவது ஆள் நேரம் பார்க்கட்டும். இந்த ஏற்பாடு புதிதல்ல. 1924-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கிய, மேடைப்பேச்சுப் பயிற்சிக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இப்படித்தான் நடக்கின்றன. சென்னை, கோவை போன்ற ஊர்களிலும் அவற்றின் கூட்டங்கள் உண்டு. அங்கே நேரம் பார்க்க ஒருவர், 'ஆ', 'ம்' என்று இழுப்பதை எண்ண ஒருவர், மொழியைக் கவனிக்க ஒருவர். ஒவ்வொரு பேச்சாளருக்கும் தனியாக ஒரு மதிப்பீட்டாளரும் இருப்பார். அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அந்த முறையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் பேசப்போகும் டீமிடமே போய், "எதைக் குறிப்பா பார்க்கணும்?" என்று கேட்டுவிடுங்கள். "நான் ரொம்ப வேகமா பேசுவேன், அதைப் பாரு" என்று ஒருவர் சொன்னால் உங்கள் வேலை பாதி முடிந்தது. கேட்டு வாங்கிய கருத்து யாரையும் புண்படுத்தாது.

படி 2: தாளில் மூன்று பத்தி போடுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் யார், எந்த ஸ்லைடு. இரண்டாவதில் பார்த்தது அல்லது காதில் விழுந்தது. மூன்றாவதில் அது உங்களை என்ன செய்தது.

இரண்டாவது பத்தியில் கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும்தான் வரலாம். 'தன்னம்பிக்கை இல்லை' என்று அங்கே எழுதக்கூடாது, ஏனென்றால் கேமராவில் தன்னம்பிக்கை பதிவாகாது. 'ஸ்க்ரீனைப் பார்த்தே பேசினார், வகுப்பு பக்கம் முகம் திரும்பவில்லை' என்பது பதிவாகும். 'வாக்கியத்தின் கடைசி வார்த்தை கேட்கவில்லை' என்பதும் பதிவாகும். இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டாலே உங்கள் ஃபீட்பேக் பாதி சரியாகிவிடும்.

நம் கற்பனை டீமுக்கு அந்தத் தாள் இப்படி இருக்கும்:

முதல் மாணவி, தொடக்கம் – "மேடையில பேசச் சொன்னா லீவு போடணும்னு தோணுமா?" என்று கேட்டு, கை தூக்கும்வரை காத்திருந்தார் – நானும் கை தூக்கினேன், போனைக் கீழே வைத்தேன்.

மூன்றாமவர், ஆறாவது ஸ்லைடு – முழுப் பத்தியையும் வாசித்தார் – அவருக்கு முன்னாலேயே நான் படித்து முடித்துவிட்டேன், பிறகு காதில் விழவில்லை.

நான்காமவர் – நாலு எண்ணிக்கை மூச்சை இழுத்து, ஆறு எண்ணிக்கையில் விடச் சொன்னார் – முதல் முறை சிரிப்பு, இரண்டாம் முறை வகுப்பு அமைதி.

மூன்றாவது பத்தியை யாரும் எழுதுவதில்லை. உண்மையில் பேசியவருக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான். தான் ஸ்லைடை வாசித்தது அவருக்கும் தெரியும். அதனால் நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

படி 3: பேசும்போது எப்படிக் கேட்பது

முதல் ஒரு நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள். தொடக்கத்திலேயே எல்லோரும் குனிந்து எழுதினால் மேடையில் நிற்பவருக்கு முகம் எதுவும் தெரியாது. இருக்கிற பயம் இரட்டிப்பாகும். நிமிர்ந்து பாருங்கள், தலையாட்டுங்கள். அப்புறம் வார்த்தைகளை மட்டும் சுருக்கமாகக் குறியுங்கள். போனில் குறிப்பெடுக்க வேண்டாம். நீங்கள் குறிப்பெடுப்பது மேடையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? வாட்ஸ்அப் பார்ப்பதாகத்தான் நினைப்பார்.

படி 4: சொன்ன விஷயம் சரியா என்று பாருங்கள்

மேடைப்பேச்சைப் பற்றிய ப்ரசன்டேஷன்களில் எல்லோரும் பேசிய விதத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்ன விஷயத்தை விட்டுவிடுகிறோம். ஆனால் இந்தத் தலைப்பில்தான் தவறான தகவல்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. இணையத்தில் முதல் பக்கத்தில் கிடைப்பதை எடுத்து ஸ்லைடில் ஒட்டிவிடுகிறார்கள். அடிக்கடி வரும் மூன்றை இங்கே விளக்குகிறேன், அடுத்த முறை கண்ணில் பட்டால் உங்களுக்குக் கைகொடுக்கும்.

முதலாவது, 7-38-55. 'தகவல் பரிமாற்றத்தில் வார்த்தைகளின் பங்கு 7 சதவீதம்தான், குரல் 38, பாடி லாங்குவேஜ் 55' என்று வட்டப்படம் போட்டிருப்பார்கள். இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. தனித்தனி வார்த்தைகளை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, முகபாவப் படங்களையும் காட்டி, பேசியவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்ன ஆய்வுகள் அவை. உணர்வையும் விருப்பு வெறுப்பையும் வெளிப்படுத்தும்போது மட்டும்தான் இந்தக் கணக்கு என்று மெஹ்ராபியனே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த 55-ம் முகபாவத்துக்கு உரியது, முழு உடல்மொழிக்கு இல்லை. கொஞ்சம் யோசித்துப் பார்த்தாலே தெரியும்: வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்றால், தெரியாத மொழியில் ஒருவர் பேசினாலும் 93 சதவீதம் நமக்குப் புரிய வேண்டும்.

இரண்டாவது, 'மனிதர்கள் மரணத்தைவிட மேடைக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்'. 1973-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் பயங்களின் பட்டியலைக் கொடுத்து, உங்களுக்கு இருப்பதையெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கூட்டத்தின் முன் பேசுவதை 41 சதவீதம் பேரும், மரணத்தை 19 சதவீதம் பேரும் சொன்னார்கள். அதிகம் பேருக்கு இருக்கும் பயம் என்பது வேறு, மிகப் பெரிய பயம் என்பது வேறு. 2012-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதையே மறுபடி ஆராய்ந்தார்கள். மேடைப்பேச்சைத்தான் அதிகம் பேர் குறித்தார்கள். ஆனால் இவற்றில் எது பெரிய பயம் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது மரணமே முதலில் வந்தது.

மூன்றாவது, பவர் போஸ். உடலை அகலமாக விரித்த தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் உடலில் ஹார்மோன் மாறி தைரியம் வரும் என்று 2010-ல் ஓர் ஆய்வு சொன்னது. 42 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அது. 2015-ல் 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னியே, அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று 2016-ல் அறிவித்தார். அப்படி நிற்பதால் மனதுக்குத் தெம்பாக இருந்தால் தாராளமாக நிற்கட்டும். ஹார்மோன் கதையை மட்டும் ஸ்லைடிலிருந்து எடுத்துவிடலாம்.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். எல்லோர் முன்னாலும் "நீங்க சொன்னது தப்பு" என்று எழுந்தால், அந்த மாணவர் அடுத்த முறை புள்ளிவிவரமே காட்ட மாட்டார். "அந்த 7-38-55 ஸ்லைடு எங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அவ்வளவு எடுப்பா இருந்துச்சு. அதனாலதான் சொல்றேன், அந்த ஆராய்ச்சி உணர்ச்சியைக் காட்டுறதைப் பத்தி மட்டும்தான். அந்த ஒரு வரியை ஸ்லைடுல சேர்த்துட்டா யாரும் கேள்வி கேட்க முடியாது." இப்படிச் சொன்னால் தகவலும் திருத்தப்படுகிறது, அவருக்குச் செய்யவும் ஒரு வேலை கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஐ கான்டாக்ட் முக்கியம் என்று சொன்னவரே தரையைப் பார்த்துப் பேசியிருப்பார். உடனே வகுப்பில் சிரிப்பு வரும். அதைப் பிடித்துக்கொண்டு குத்திக்காட்டாதீர்கள். ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கும் அது கைவருவதற்கும் நடுவே நீண்ட பயிற்சி இருக்கிறது. அவர் அந்தப் பயிற்சியின் நடுவில்தான் நிற்கிறார். அவர் சொன்ன கருத்தைத் தனியாகவும், பேசிய விதத்தைத் தனியாகவும் எடுத்துப் பேசுங்கள்.

படி 5: பேசிய விதம்

கண், குரல், வேகம், கை, நிற்கும் விதம் என்று ஒரு பட்டியல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும். எல்லாவற்றையும் எல்லோரிடமும் தேட வேண்டாம். உங்களை நிஜமாகவே பாதித்தது எது என்று மட்டும் பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு பேசினார், ஆனால் அது உங்கள் கவனத்தைக் கலைக்கவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பதற்றத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பயந்த நண்பருக்கு அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தன் படபடப்பு எல்லோருக்கும் அப்படியே தெரிகிறது என்று பேசுகிறவர் நினைக்கிறார். கேட்பவர்களுக்கோ அதில் கொஞ்சம்தான் தெரிகிறது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-ல் இதை ஆராய்ந்தார்கள். இந்த உண்மையை முன்பே எடுத்துச் சொல்லிவிட்டு மேடையேற்றியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். ஆகவே "ரொம்ப நெர்வஸா இருந்த" என்று சொல்வதால் நன்மை எதுவும் இல்லை. "உனக்கு கை நடுங்குச்சுன்னு நீ சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது" என்று சொன்னால், அது உண்மையாகவும் இருந்தால், அந்த ஒரு வரி அவருக்கு வருஷக்கணக்கில் உதவும்.

நம் ஊர் மாணவர்களிடம் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிப் பழக்கம். மனப்பாடம் செய்து, குரலைப் படிப்படியாக ஏற்றி, கடைசி வரியில் கையை உயர்த்தி முடிப்பது. அந்தக் களத்தில் பரிசு வாங்கிக் கொடுத்த முறைதான். ஆனால் முப்பது பேர் இருக்கும் வகுப்பறையில், ஸ்லைடை விளக்கும்போது அந்தக் குரல் தள்ளி நிற்கிறது. இப்படிப் பேசும் தோழரிடம் "செயற்கையா இருந்துச்சு" என்றால் அவருக்குச் சுருக்கென்று தைக்கும், பயனும் இருக்காது. அவர் பேச்சிலேயே இயல்பாக வந்த இடம் ஒன்று இருக்கும், அநேகமாகக் கேள்விக்குப் பதில் சொன்னபோது. அதைக் காட்டுங்கள்: "கடைசியில கேள்விக்குப் பதில் சொன்னீங்கல்ல, அந்தக் குரல்லயே முழுசும் பேசினா எங்களோட நேரா பேசுற மாதிரி இருக்கும்."

அப்புறம் ஆங்கிலம். இது எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான விஷயம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த மாணவர், முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் நான்கு நிமிடம் பேசுகிறார் என்றால் அவர் மற்றவர்களைவிடக் கூடுதல் சுமையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இலக்கணப் பிழைகளை எண்ணி வாசிப்பது ஃபீட்பேக் ஆகாது. பிழையால் உங்களுக்குப் பொருள் மாறிப் புரிந்திருந்தால் அந்த ஓர் இடத்தை மட்டும் சொல்லுங்கள், அதையும் தனியாக. உச்சரிப்பில் ஊர் தெரிகிறது என்பது குறையே இல்லை. நாகர்கோவில் தமிழோ கொங்குத் தமிழோ, விஷயம் புரிந்ததா என்று மட்டும் பாருங்கள். உடை, நிறம், உயரம் போன்ற எதையும் தொடாதீர்கள். பெண்களின் குரலைப் பற்றிச் சொல்லும்போது கூடுதல் கவனம் வேண்டும். 'மெல்லிய குரல்' என்பதை யாராலும் மாற்ற முடியாது. 'கடைசி பெஞ்சுக்குக் கேட்கலை, மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கேட்கும்' என்பதை அடுத்த நிமிடமே சரிசெய்யலாம்.

படி 6: டீமாக எப்படி இருந்தார்கள்

ஐந்து தனிப்பேச்சுகளை அடுத்தடுத்துக் கேட்டதுபோல் இருந்ததா, ஒரே பேச்சை ஐந்து பேர் பகிர்ந்துகொண்டதுபோல் இருந்ததா? கைமாறும் இடங்களைப் பாருங்கள். "நெக்ஸ்ட் என் ஃப்ரெண்ட் கன்டினியூ பண்ணுவாங்க" என்பதோடு நின்றால் சங்கிலி அறுந்துவிடும். "பயம் ஏன் வருதுன்னு பார்த்தோம், அதை எப்படிக் குறைக்கிறதுன்னு இப்ப செஞ்சே பார்ப்போம்" என்று கைமாற்றினால் கேட்பவர்கள் கூடவே வருவார்கள்.

பேசாத நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் மேடையில் தெரியும். ஒருவர் பேசும்போது மற்ற நால்வரும் தங்கள் பேப்பரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தால், வகுப்பும் பேசுபவரைக் கேட்காது. ஒரே விஷயம் இரண்டு பேர் ஸ்லைடில் வந்ததா? கடைசி ஆளுக்கு நேரம் மிச்சம் இருந்ததா? நம் கற்பனை டீமில் ஐந்தாமவர் அவசரப்பட்டதற்குக் காரணம் அவர் இல்லை. முன்னால் பேசிய இரண்டு பேர் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதை அவர் பெயரில் எழுதக்கூடாது. "டீமா சேர்ந்து ஒரு தடவை கடிகாரம் வெச்சு ஓட்டிப் பாருங்க" என்பதுதான் சரியான ஃபீட்பேக்.

ஒரே ஆள் எல்லா வேலையும் செய்தது வெளிப்படையாகத் தெரிந்தாலும், வேலை செய்யாதவரை வகுப்பில் வைத்துக் காட்டிக்கொடுக்காதீர்கள். உள்ளே என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. மேடையில் கண்டதை மட்டும் பேசுங்கள்: "கேள்வி நேரத்தில எல்லாத்துக்கும் ஒருத்தரே பதில் சொன்னாங்க, மத்தவங்களும் பதில் சொன்னா நல்லா இருக்கும்."

படி 7: பொறுக்கி எடுங்கள்

உங்கள் தாளில் பதினைந்து குறிப்பு இருக்கலாம். அத்தனையையும் சொல்லாதீர்கள். டீமுக்கு நன்றாக வந்த இரண்டு, மாற்ற வேண்டிய ஒன்று. அவ்வளவு போதும். மாற்ற வேண்டியதை எப்படித் தேர்ந்தெடுப்பது? அடுத்த ப்ரசன்டேஷனுக்குள் சரிசெய்ய முடிவதாக இருக்க வேண்டும், சரிசெய்தால் பெரிய வித்தியாசம் தெரிவதாகவும் இருக்க வேண்டும். நம் கற்பனை டீமில் இதற்கு மூன்றாமவரின் ஆறாவது ஸ்லைடைத்தான் எடுப்பேன். பத்தியை நான்கு வார்த்தையாகச் சுருக்கிவிட்டால் அவரால் வாசிக்கவே முடியாது. தானாக வகுப்பைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். ஒரே திருத்தத்தில் ஸ்லைடும் சரியாகிறது, கண்ணும் சரியாகிறது.

இங்கே ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெநிஸி இருவரும் 1996-ல் ஃபீட்பேக் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தருணங்களில் ஃபீட்பேக் கொடுத்த பிறகு செயல்திறன் குறைந்திருந்தது! கவனம் செய்த வேலையை விட்டுச் செய்த ஆளின் பக்கம் திரும்பத் திரும்ப, ஃபீட்பேக்கின் பயனும் குறைந்தது. 'நீ நல்ல பேச்சாளர் இல்லை' என்பது மட்டுமில்லை, 'நீ பிறவிப் பேச்சாளர்' என்பதும் ஆளைப் பற்றியதுதான். பாராட்டும்போதும் செய்ததைப் பாராட்டுங்கள்.

படி 8: எழுந்து சொல்லுங்கள்

டீமைப் பார்த்துச் சொல்லுங்கள், மேடமைப் பார்த்து இல்லை. "அவங்க ஸ்லைடைப் பார்த்துப் படிச்சாங்க மேம்" என்றால் அது புகார் ஆகிவிடும். டீமை 'நீங்க' என்றே அழையுங்கள், இரண்டு பேர் உங்கள் ரூம்மேட்டாக இருந்தாலும். விடுதியில் 'டா' போட்டுப் பேசுவது வேறு.

எல்லோரும் செய்யும் ஒரு தவறு 'ஆனா'. "ஸ்லைடு எல்லாம் சூப்பர், ஆனா..." என்றதும், முன்னால் சொன்ன பாராட்டு முழுக்க அழிந்துவிடும், குறைக்கு முன்னோட்டமாகச் சொன்னதாகத்தான் அவர்கள் காதில் விழும். பாராட்டைச் சொல்லி முற்றுப்புள்ளி வையுங்கள். மூச்சு விடுங்கள். பிறகு மாற்ற வேண்டியதைத் தனியாகத் தொடங்குங்கள்.

நம் டீமுக்கு நான் எழுந்தால் இப்படிச் சொல்வேன்:

"முதல்ல லீவு போடத் தோணுமான்னு கேட்டுட்டு, நாங்க கை தூக்குற வரைக்கும் காத்திருந்தீங்க. அப்பவே இது எங்களைப் பத்தின விஷயம்னு தோணிடுச்சு. அப்புறம் மூச்சுப்பயிற்சி. வெறுமனே சொல்லிட்டுப் போகாம எங்களையே ரெண்டு தடவை செய்ய வெச்சீங்க. ரெண்டாவது தடவை க்ளாஸே அமைதியாயிடுச்சு, அடுத்த வைவாவுக்கு முன்னாடி நான் நிச்சயம் செஞ்சு பார்ப்பேன். ஒரு இடத்துல மட்டும் நான் விட்டுட்டேன். ஆறாவது ஸ்லைடுல முழுப் பத்தி இருந்துச்சு, நான் அதைப் படிச்சு முடிச்சதும் கவனம் போயிடுச்சு. அதுல இருக்கிற நாலு காரணத்துக்கும் நாலு வார்த்தை மட்டும் போட்டு, மீதியை நீங்களே வாயால சொன்னா நான் உங்களைத்தான் பார்ப்பேன். தேங்க் யூ."

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். யார் வாசித்தார் என்று பெயரும் வரவில்லை. ஸ்லைடைச் சொன்னாலே அவருக்குப் புரியும்.

படி 9: எழுதிக் கொடுக்கும்போது

பல கல்லூரிகளில் இப்போது கூகுள் ஃபார்மில் ஃபீட்பேக் வாங்குகிறார்கள். பெயர் போடாமல் எழுதலாம் என்பதால் சிலர் கடுமையாக எழுதிவிடுகிறார்கள். நேரில் சொல்லத் தயங்குவதை அங்கேயும் எழுத வேண்டாம். எழுத்தில் தொனி தெரியாது, அதனால் இன்னும் பொறுமையாக எழுத வேண்டியிருக்கிறது. டீமுக்கு ஒரு பத்தி, ஒவ்வொருவருக்கும் ஓரிரு வரி. தனிநபர் குறிப்புகளுக்குச் சரியான இடமும் இதுதான். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், அதன் பக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதாமல் விடாதீர்கள். வெறும் மூன்றைப் பார்த்து அவர் என்ன திருத்திக்கொள்வார்?

சிக்கலான சில தருணங்கள்

பாதியில் மறந்துபோய் நின்றுவிட்டவர்: அன்று அவருக்கு ஃபீட்பேக் வேண்டாம். வகுப்பில் டீமைப் பற்றி மட்டும் பேசுங்கள். மறுநாள் கேன்டீனில் அவரே பேச்சை எடுத்தால், மறந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள். பேப்பரைப் பார்த்துவிட்டு மறுபடி தொடர்ந்தாரா? அது பெரிய விஷயம். முயன்று பார்க்க ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டால், அலிசன் உட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். பேசுவதற்கு முன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். இதயம் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கிறது; அதை அடக்குவதைவிட உற்சாகமாக எடுத்துக்கொள்வது சுலபம்.

நெருங்கிய நண்பர்: வாய்க்கு வந்தபடி புகழ்ந்துவிட்டு அறைக்கு வந்து உண்மையைச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். எல்லோருக்கும் சொல்லும் அதே மூன்று விஷயக் கணக்கை அவருக்கும் வையுங்கள்.

போட்டி டீம்: உங்கள் டீமுக்கு அடுத்த வாரம் ப்ரசன்டேஷன் என்றால், குறைகள் பெரிதாகவே தெரியும். தாளில் மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் குறிப்புகளை அடித்துவிடுங்கள். உங்களை எதுவும் செய்யாத ஒன்றைக் குறையென்று எழுதியிருக்கிறீர்கள்.

தயாரிப்பே இல்லாமல் வந்த டீம்: பொய்யாகப் பாராட்ட வேண்டியதில்லை. நன்றாக வந்த ஒரே ஒரு விஷயத்தை உண்மையாகச் சொல்லிவிட்டு, "எட்டு நிமிஷத்துக்கு மூணு நிமிஷம்தான் பேசினீங்க, எனக்கு இன்னும் கேட்கணும்னு இருந்துச்சு" என்று நிறுத்துங்கள்.

படி 10: அந்தத் தாளைத் தூக்கிப்போடாதீர்கள்

ஃபீட்பேக் சொன்னதும் அவர்கள் விளக்கம் கொடுத்தால் வாதாட வேண்டாம். "ப்ரொஜெக்டர் சரியா வேலை செய்யலை, அதான் திரும்பிப் பார்த்தேன்" என்பார்கள். சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொன்னீர்கள், அவருக்குத் தெரிந்ததை அவர் சொல்கிறார். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் விருப்பம்.

அதே டீம் அடுத்து மேடையேறும்போது பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் சொன்ன ஒன்று மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாறியிருந்தால் வகுப்பு முடிந்ததும் போய், எது மாறியது என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: "போன தடவை ஸ்க்ரீனைப் பார்த்தீங்க, இன்னைக்கு ஸ்லைடு மாத்தும்போதுகூட எங்களைத்தான் பார்த்தீங்க." அப்படியே, அடுத்த வாரம் உங்கள் முறை வரும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டும் வைத்துவிடுங்கள்.